காயில் கட்டியவள்

ஒரு நிமிடம் சும்மா நிற்கத் தெரியாத ஆள் என்பதால் மச்சான் அவனுக்கு 'டைனமோ' என்று பட்டப்பெயர் வைத்தான். அதுவே ஒட்டிக்கொண்டது. அவனுடைய ஜெனரேட்டர் பழுதுக் கடையில் வாய் அவனுடையது, செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் கை மனைவியுடையது.

வருகிறவர்களிடமெல்லாம் ரோட்டர் புராணம்தான். கொஞ்சம் கரன்ட் கொடுத்தால் ரோட்டர் காந்தமாகிவிடும். இன்ஜின் அதைச் சுழற்றச் சுழற்ற, வட முனையும் தென் முனையும் மாறி மாறி, சுற்றிலும் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் செப்புச் சுருள்களைக் கடக்கும். சுருளில் மின்சாரம் பிறந்து, முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஓடும். சுற்றுவதுதான் எல்லாம் செய்கிறது, ஸ்டேட்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று முடிப்பான். விளக்குக்குப் போகும் மின்சாரம் அந்தச் சும்மா இருப்பதிலிருந்துதான் புறப்படுகிறது என்பதை மட்டும் விழுங்கிவிடுவான். மனைவி தலை நிமிராமல் சுருளை ஸ்டேட்டரின் பள்ளங்களில் தட்டி இறக்கிக்கொண்டிருப்பாள்.

ஐஸ் கம்பெனி ஜெனரேட்டருக்குப் புதுக் காயில் கட்டி முடித்த அன்று, ரோட்டரைத் தாங்கும் பேரிங் ஆடுகிறது, மாற்றிவிடுங்கள் என்றாள். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே மெல்லிய அட்டை நுழையும் இடைவெளிதான். பேரிங் தேய்ந்தால் ரோட்டர் இறங்கி உரசும். இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று அவன் பழையதையே போட்டு மூடினான்.

சில நாளிலேயே புகைந்து திரும்பி வந்தது. ஐஸ் கம்பெனி முதலாளி குதித்தார். திறந்துகூடப் பார்க்காமல் இவன் சொன்னான்: "வீட்டுக்காரி கட்டின காயில். கை தவறிடுச்சு போல."

அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கையிலிருந்த வார்னிஷைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு திறந்தான். ரோட்டர் உரசி ஸ்டேட்டரின் அடிப்பக்கம் பளபளவென்று தேய்ந்து கிடந்தது. காயில் கட்டியதில் ஒரு குற்றமும் இல்லை. அவன் முகம் செத்துவிட்டது. அன்றே அடுப்படியில் போய் நின்று, தப்பு தன்னுடையது என்றான்.

"பழி போட்டது கடையில. மன்னிப்பு மட்டும் வீட்டுலயா?" என்றாள். "அந்த முதலாளிகிட்ட சொல்லுங்க. அப்புறம் கடைக்கு வரேன்."

வாய் கிழியப் பேசுகிற மனுஷனுக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது. இன்று நாளை என்று இழுத்தடித்தான். வெட்கங்கெட்ட வீம்பு, வேறென்ன. ஒருவழியாகப் போனபோது கம்பெனி வேறு கைக்கு மாறியிருந்தது. முதலாளி எங்கே போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

வந்து அவளிடம் சொன்னான்.

"அப்போ கடைசி வரைக்கும் அவருக்கு நான்தான் கை தவறினவ" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவனுக்குச் சாப்பாடு எடுத்துவைத்தாள். காயிலை இப்போது வெளியே கொடுத்துக் கட்டி வாங்குகிறான்.