முழங்கால் பார்க்காத வீடு

என் தம்பிக்கு ஆட்களின் முகம் மனதில் நிற்காது, நடைதான் நிற்கும். தெருவில் யாராவது சிரித்துக் கையசைத்தால் முதலில் அவர்கள் காலைத்தான் பார்ப்பான். "ஆங், இடது இடுப்பு" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, அதன் பிறகுதான் பதிலுக்குக் கையைத் தூக்குவான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறான். இருபத்தெட்டு வயது. விழுந்து எலும்பை முறித்துக்கொண்டவர்களையும் மூட்டு மாற்றிக்கொண்டவர்களையும் எழுப்பி நிறுத்தி, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடக்கவைக்கிற வேலை. ஒரு நாளைக்குப் பதினாலு பேர். பதினாலு பேரையும் தாங்கிப் பிடிக்கிறவன் முதுகு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவனுக்குத் தெரியும், பார்க்கத்தான் நேரமில்லை.

சாயங்காலம் ஆறே காலுக்கு வீட்டுக்கு வருவான். சாப்பிடும்போது அன்றைக்கு வந்த நோயாளியின் சொந்தக்காரர்களில் ஒருவரையாவது திட்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. "ஆறு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதாக்கா? நல்லா முத்தவிட்டு, கடைசியில எங்கிட்ட கொண்டுவந்து தள்ளுறாங்க. வீட்ல இருக்கிறவங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" தினமும் இதே பாட்டு. ராகம்கூட மாறாது.

அவனுக்குச் சந்தோஷமே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். காலையில் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் அந்த நாள் முழுக்க நன்றாயிருப்பான். பதினோரு மணிக்கு ஒரு விளையாட்டு உண்டு. அவர்கள் பிரிவு இரண்டாவது மாடியில், ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருக்கிறது. அங்கே ஒரு ஜன்னல். அவனும், நெட்டையன் என்று அவன் கூப்பிடுகிற கூட்டாளியும் அதில் நின்று பின் தெருவில் போகிறவர்களின் நடையைப் பார்ப்பார்கள். எந்த மூட்டு, எந்தப் பக்கம், எத்தனை நாளாக என்று முதலில் சரியாகச் சொல்கிறவனுக்கு மற்றவன் டீ வாங்கித் தர வேண்டும். ஊரில் இருக்கிறவர்கள் வலியோடு நடக்க, இதுகளுக்கு அதில் ஒரு பந்தயம். "பாவம் பிடிக்கும்டா" என்பேன். "டீ நல்லாயிருக்கும்க்கா" என்பான்.

இன்னொரு சந்தோஷமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏமாற்றங்களும் சின்னச் சின்னதுதான். மெத்தென்ற அடியுள்ள ஷூ ஒன்றைப் பல மாதம் ஆசைப்பட்டு வாங்கினான். மூன்றாவது நாள் மயக்கம் வந்த ஒரு பெரியவர் அதன் மேலேயே வாந்தி எடுத்துவிட்டார். சீனியர் பதவி இந்த வருஷம் உனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு வெளியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அந்த ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததும் இவன்தான். இவை எல்லாவற்றையும்விட ஒரு தையல்காரரைப் பற்றிச் சொன்னபோதுதான் அவன் குரல் இறங்கியது. நாலு மாதம் இவன் தோளைப் பிடித்து நடக்கக் கற்றுக்கொண்டவர், கடைவீதியில் இவனை உரசிக்கொண்டு போனாராம். அடையாளமே தெரியவில்லை. "அவரு மேல தப்பு இல்லக்கா. நாலு மாசமா தரையைத்தானே பார்த்து நடந்தாரு. எம் மூஞ்சியை எப்பப் பார்த்தாரு?" என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டான்.

இனி அம்மாவுக்கு வருகிறேன்.

போன வருஷம் எங்கள் சித்தப்பா மகள் கல்யாணம். அதற்கு இரண்டு வாரம் முன்பே அம்மாவுக்கு வலது முழங்காலில் குத்தத் தொடங்கியிருந்தது. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படி இறங்கும்போது அம்மா கைப்பிடியைப் பிடிக்கிற பிடியைப் பார்த்து, தம்பியிடம் காட்டும்மா என்றேன். "கல்யாணம் முடியட்டும், ராத்திரி வந்ததும் காட்டுறேன்" என்றாள்.

கல்யாண மண்டபத்தில் என்ன நடந்தது தெரியுமா? என் தம்பி வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், ஒருத்தர் கழுத்தைத் திருப்பிக் காட்டுகிறார், ஒருத்தி மணிக்கட்டை நீட்டுகிறாள், மாப்பிள்ளையின் மாமா தூணுக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் பேண்ட்டைச் சுருட்டுகிறார். பந்தியில் உட்கார்ந்தால் எதிரில் சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே மேஜைக்கு அடியில் குதிகாலை நீட்டி, "இங்க அமுக்கினா வலிக்குதுப்பா" என்கிறார். அவன் சாப்பாடு ஆறிப்போனது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கே நாலு பேரை அறையலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி வீசினான். "வெளியில எவன் வேணா காலை நீட்டட்டும். இந்த வீட்டுக்குள்ள இனி ஒரு முழங்காலைக்கூட நான் பாக்க மாட்டேன். வீட்டுக்கு வந்தாவது என்னை மனுசனா விடுங்க!" என்று கத்தினான்.

அம்மா அப்போது முழங்கால்வரை துணியை ஏற்றிக்கொண்டு, காட்டுவதற்குத் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சத்தமில்லாமல் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அன்றைக்கே என்னிடம் சத்தியம் வாங்கினாள். "நீ வாயைத் திறந்தா நான் செத்ததுக்குச் சமம். புள்ளை நாய் படாத பாடு பட்டுட்டு வர்றான். வீட்லயும் ஒரு நோயாளி வேணுமா அவனுக்கு?" என்றாள். தைலம் தடவினால் போகும், நடந்தால் சரியாகும், குளிர் போனால் விட்டுவிடும் என்று மாதத்துக்கு ஒரு சமாதானம். சொல்லிவிடட்டுமா என்று நான் கேட்காத வாரம் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரே முறைப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். என் அம்மா பத்து மாதம் மறைத்தாள், அதுவும் நடையைப் பார்த்தே நோயைச் சொல்கிறவனிடம்.

எப்படி என்று கேட்டால், அவன் கண்ணெதிரில் அவள் நடக்கவே மாட்டாள். காலையில் அவன் கிளம்பும்வரை போர்வைக்குள் தூங்குகிற பாவனை. சாயங்காலம் ஆறே காலுக்குக் கீழே பஸ் பிரேக் போடுகிற சத்தம் கேட்டதும் எங்கிருந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். மடியில் மடிக்க வேண்டிய துணிகளைப் போட்டுக்கொள்வாள். கதவு திறப்பது, தண்ணீர் தருவது, பரிமாறுவது எல்லாம் நான். ஞாயிற்றுக்கிழமை அவன் அடித்துப்போட்ட மாதிரி மத்தியானம்வரை தூங்குவான். அதற்குள் அம்மா வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

அவனுக்கு அதுதான் அந்த இன்னொரு சந்தோஷம். உள்ளே வரும்போது அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. அப்பா போனதிலிருந்து ஒரு நிமிஷம் உட்காராமல் ஓடிய அம்மா. "பாருக்கா, இப்பத்தான் மகாராணி மாதிரி உக்காந்திருக்காங்க. உன் தலையிலதான் எல்லா வேலையும், பரவால்ல, நல்லா செய்யி" என்று சிரிப்பான். அம்மாவும் சிரிப்பாள். நான் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை டங்கென்று வைப்பேன்.

பத்தாவது மாதம் படியில் பாதியிலேயே அம்மா உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனேன். எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லி அவர் எழுதிக்கொடுத்த இடம் தம்பியின் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் இருந்தது.

"அங்க போனா அவன் பாத்துருவானேம்மா?"

"வியாழக்கிழமை போவோம். அன்னிக்குக் காலையில அவன் வீடு வீடா போய்ப் பாக்குற நாளு. ஆஸ்பத்திரியில இருக்க மாட்டான்" என்றாள். பத்து மாதத்தில் அவனுடைய ஷிப்ட் முழுவதும் அம்மாவுக்கு மனப்பாடம்.

வியாழக்கிழமை தூறல். பக்கத்து வீட்டில் ஒரு பெரிய நீலக் குடையை வாங்கிக்கொண்டோம். பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தெருவின் முனையிலிருந்து எக்ஸ்ரே எடுக்கிற இடம்வரை நடக்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. எங்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. அம்மா என் கையில் தொங்கிக்கொண்டு வந்தாள். தம்பி எதிரில் இல்லை என்ற தைரியத்தில், மாதக்கணக்கில் அடக்கிவைத்த நொண்டலையெல்லாம் அந்தத் தெருவில் நொண்டினாள். வாசலில் நான் குடையை மடக்கினேன். படம் எடுத்தோம், உறையை என் பைக்குள் திணித்தோம், வீட்டுக்கு வந்தோம். அம்மாவுக்கு ஏதோ பரீட்சையில் தப்பித்த மாதிரி சந்தோஷம்.

அன்று சாயங்காலம் அவன் படியேறி வருகிற சத்தம் மெதுவாகக் கேட்டது. அம்மா நாற்காலியில் தயார். அவன் ஷூவைக் கழற்றிவிட்டு முகம் கழுவப் போகாமல் அம்மாவுக்கு எதிரே நின்றான்.

"இன்னிக்கு டீ நான்தான் ஜெயிச்சேன்" என்றான்.

"அப்படியாடா! யாரு மாட்டினா?" என்றாள் அம்மா, துணியை மடித்துக்கொண்டே.

"ஒரு அம்மா. குடைக்குள்ள மூஞ்சி தெரியல. வலது முழங்கால், உள்பக்கம். ஒரு வருசமாவது இருக்கும். பாரத்தையெல்லாம் இடது காலுக்குத் தள்ளி நடக்குறாங்க, அடுத்தது இடுப்பும் போகும்னு சொன்னேன். நெட்டையன் உடனே ஒத்துக்கிட்டான்."

அடுப்படியில் என் கை நின்றுவிட்டது.

"கூட ஒரு பொண்ணு கையைப் பிடிச்சிட்டு வந்துச்சு. வீட்ல இருக்கிறதுங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சுன்னு வழக்கம்போல திட்டினேன். டீ வந்துச்சு. ஒரு வாய் குடிச்சேன். அப்பதான் அந்தப் பொண்ணு குடையை மடக்கினா."

அம்மா மடித்த துணியையே மறுபடியும் பிரித்தாள். அப்புறம், குழந்தை மாதிரி, "வியாழக்கிழமை நீ அங்க இருக்க மாட்டியேடா?" என்றாள்.

"மொத வீட்ல வர வேணாம்னு சொல்லிட்டாங்க. எழுந்திரிம்மா. ஜன்னல் வரைக்கும் நடந்து காட்டு."

அம்மா எழுந்தாள். இரண்டு அடி நிமிர்ந்து, ஒழுங்காக, பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள்.

"நடிக்காம நட."

நடந்தாள். ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக அவன் முன்னால் நடக்கிறாள். அவன் கண் அவள் பாதத்திலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து பாதத்துக்கும் போய்ப் போய் வந்தது. நான் உறையைக் கொண்டுவந்து கொடுத்தேன். விளக்குக்கு நேராகப் படத்தைத் தூக்கிப் பார்த்தான். அதை மறுபடி உறைக்குள் போட்டான்.

"அன்னிக்கு நான் கத்தினதுக்கா?" என்றான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீயே களைச்சுப்போய் வர்றே..."

"அது உன்னைச் சொல்லலம்மா."

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நானும் வீட்டுக்குள்ளதானே இருக்கேன்."

அவன் அழுதான். இருபத்தெட்டு வயசு ஆம்பளை, ஆஸ்பத்திரிச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். அம்மா குனிந்து அவன் தலையைத் தொடப் பார்த்தாள். முழங்கால் மடங்கவில்லை, கை எட்டவில்லை.

பிறகு எழுந்து தன் துண்டை இறுக்கச் சுருட்டினான். அம்மாவைக் கட்டிலில் காலை நீட்டவைத்து, முழங்காலுக்கு அடியில் அந்தச் சுருளை வைத்தான். "இதைக் கீழே அமுக்கு. அஞ்சு எண்ணுற வரைக்கும் விடாதே. அப்புறம் விடு. இப்படிப் பத்து தடவை."

"நாளைக்குப் பாத்துக்கலாமே. இன்னிக்கு எத்தனை பேரைப் பாத்தே?"

"பதிமூணு."

"அப்ப பதினாலாவது நானா?" என்று அம்மா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "சரியாயிடும்லடா?" என்று கேட்டாள். "எண்ணும்மா" என்றான். அம்மா சத்தமாக எண்ணத் தொடங்கினாள்.

அவன் அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க வந்தபோது, சரியாகுமா என்று நானே கேட்டேன். "ஆபரேஷன்தான்க்கா. பயிற்சி அது வரைக்கும் தாங்குறதுக்கு" என்றான். அந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். ஆறு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா என்று ஊரில் இருக்கிற மகளையெல்லாம், மருமகளையெல்லாம் கேட்கிறானே, அந்தக் கேள்வி. அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போதெல்லாம் பஸ் சத்தம் கேட்டால் அம்மா நாற்காலிக்கு ஓடுவதில்லை. நொண்டிக்கொண்டே போய் அவளே கதவைத் திறக்கிறாள். "காலையில பத்து, மத்தியானம் பத்து, எண்ணிட்டேன்" என்று ஒப்பிக்கிறாள். அவன் வாசலில் நின்றபடியே அவள் காலைப் பார்க்கிறான், பிறகுதான் ஷூவைக் கழற்றுகிறான். மகாராணி என்று இப்போது சொல்வதில்லை. பதினோரு மணிக்கு ஜன்னல் பக்கம் போவதும் இல்லையாம், நெட்டையன் தனியாக டீ குடிக்கிறானாம்.

சாப்பிடும்போது யாரையும் திட்டுவதில்லை. நான் பரிமாறுகிறேன், அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறான். அந்தக் கேள்வியை என்னிடம் இன்னும் கேட்கவில்லை. ஒரு நாள் கேட்டு, நாலு வார்த்தை திட்டித் தொலைத்தான் என்றால் எனக்கும் சோறு இறங்கும்.