பிறந்த வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை

இன்று காலை ஆறு இருபது. சேந்தமங்கலம் பஸ்ஸின் ஜன்னலில் முதலில் கண்ணில் பட்டது, தரையிலிருந்து ஒரு பையன் எழுந்த விதம். முழங்காலில் கையை ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுகிறவன் போல நிமிர்ந்தான். பஸ் நகர்ந்துவிட்டது. கையிலிருந்த செய்தித்தாளில் அதற்குமேல் எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்கள் கரியில் ஓடின. இன்றும் இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றால் எனக்கு அந்நாளில் பழகிய ஒரு மதராஸ் டாக்டர் நினைவு வரும். பிள்ளைகளின் தசை கரைந்துபோகும் நோயை ஆராய ஊர் ஊராக அலைந்தவர். ஓரிடத்தில் உட்காரமாட்டார், உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கொங்குப் பேச்சு தெரியும் என்று, கத்துக்குட்டி நிருபரான என்னையும் இழுத்துக்கொண்டு போவார். நானும் ஏதோ பெரிய வேலை என்று தலையை நிமிர்த்திக்கொண்டு போவேன்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையம். அந்த வீட்டுப் பையனுக்கு ஒன்பது வயது, அடிக்கடி விழுவான்; விழுந்தால் இன்று காலை ஜன்னலில் கண்ட பையனைப் போலவே தொடையில் கை ஊன்றித்தான் எழுவான். கெண்டைக்கால் மட்டும் திரண்டு உருண்டிருக்கும். அப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை.

"மல்லன் காலுங்க. டாக்டருக்குத்தான் காலு குச்சியாட்டம் இருக்குதே, எம்பையங்கிட்டக் கொஞ்சம் கடன் வாங்கிக்கச் சொல்லுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அந்தத் திரட்சிதான் நோயின் அடையாளம் என்று அவருக்குத் தெரியும். வம்சத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அப்பா தன் கூட்டத்தில், அதாவது தகப்பன்வழிக் குலத்தில், தலைமுறை தலைமுறையாக ஆட்களை அடுக்கினார். எல்லோரும் ஏர் பிடித்தவர்கள். அடுத்த தடவையும் அதே பதில்.

மூன்றாவது முறை நாங்கள் போனபோது அப்பா தோட்டத்துக்குப் போயிருந்தார். மோர் கொண்டுவந்த அம்மாவிடம் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார்.

"இவிய கூட்டத்துல ஆருக்கும் இல்லீங்க. எங்க பொறந்த ஊட்டப் பத்தி ஆரும் கேக்கலீங்களே" என்றாள். அவளுடன் கூடப் பிறந்த அண்ணன்மார் இருவர். இருவரும் இப்படித்தான் நடை விழுந்து, மீசை முளைக்கும் முன்பே போய்விட்டார்கள்.

பெண்கள் வழியாக வந்து ஆண் பிள்ளைகளைத் தாக்குகிற நோய் இது என்று டாக்டர் சொன்னார். அவள் மகனைப் பார்க்கவில்லை. உள்ளே பூக் கட்டிக்கொண்டிருந்த மூத்த மகளைப் பார்த்தாள்.

"வைகாசியில அவளுக்குக் கண்ணாலமுங்க. அவ பெத்துக்கறதுக்கும் வருங்களா?"

"வரலாம், வராமலும் போகலாம். பார்த்துச் சொல்ல வழி கிடையாதும்மா."

டாக்டர் எழுந்து மாட்டுக் கட்டுத்தறிவரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். அவள் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "தெரியாத ஒண்ணுக்காவக் கண்ணாலத்தை நிறுத்த முடியாது சாமி. ஓமலூர்ல மாப்ள ஊட்டுக்காரங்க காதுக்குப் போவாமப் பாத்துக்கங்க."

திரும்பும்போது டாக்டர் பஸ்ஸில் இரண்டு தரம் எழுந்தார், இரண்டு தரமும் உட்கார்ந்தார். ஓமலூருக்கு நாங்கள் போகவில்லை.

யுத்தத்தோடு கரி பஸ்கள் போயின. டாக்டர் அதற்கு முன்பே பட்டாளத்துக்குப் போய்விட்டார். பிறகு தகவல் இல்லை. பையன் பதினான்கு வயதில் போய்விட்டான். அந்த அம்மாவை ஒருமுறை சேலம் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். மகளுக்குப் பிறந்ததெல்லாம் பெண்கள் என்றாள். ஆண் வாரிசு இல்லையென்று மருமகன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார்.