உயர்த்திய கை

கண்டி மடத்திலிருந்து தெல்தோட்டைத் தோட்டத்து மாதா கோயிலுக்கு வரும் இத்தாலியத் துறவியை நாங்கள் பிரதர் என்போம். ஆறடி உயரம், ஒருபக்கம் சாய்ந்த மூக்கு. தன் ஊரில் உதைபந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டு பின்வரிசையில் ஆடியவர்.

ஞாயிறு மாலைகளில் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு எங்களோடும் ஆடுவார். தோட்டத்துக் கிளாக்கரான நான்தான் நடுவர். எதிரணிக்காரன் பந்துக்காக பிரதரின் கோலருகே காத்து நின்றால், பிரதர் சட்டென்று அவனைப் பின்னால் விட்டு முன்னே வந்து வலக்கையை உயர்த்துவார். அவனுக்கும் கோலுக்கும் நடுவே பிரதர் அணியில் மூன்று பேர் இல்லையென்றால் ஓஃப்சைட்; அவன் போடும் கோல் செல்லாது. நான் விசில் ஊதுவேன். அவர் முகம் மலரும்.

ஒருநாள் அவரே சொன்னார்: "கிளாக்கரையா, மூணு பேருங்கிற சட்டத்த எப்பவோ ரெண்டாக்கிட்டாங்க. என் காலுக்குத்தான் வெளங்கல. எங்க ஊர்ல பழையபடி கையத் தூக்கிட்டு நிப்பேன், விசில் வராது, கோல் விழுந்துரும். கடைசியில என் டீம்காரங்களே, நீ வேணாம்னுட்டாங்க."

"அப்ப நான் ஊதுறது பிழையா, பிரதர்?"

"பிழைதான்" என்று சிரித்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. கண்டிக்குப் போய்ப் புதிய சட்டப் புத்தகம் வாங்கி வந்தேன். அடுத்த ஞாயிறு அவர் கையை உயர்த்தினார். நான் ஊதவில்லை. கோல் விழுந்தது. அவரே போய்ப் பந்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இப்ப சரியா ஊதுறீங்க" என்றார்.

அதற்குப் பிறகும் மாதா கோயிலுக்கு வந்தார். மைதானத்துக்கு வரவில்லை. அந்தப் புத்தகம் இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. உலகமெல்லாம் மாற்றிய சட்டம் தெல்தோட்டையில் மட்டும் மாறாமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்?