சித்தப்பாவின் மொக்கை

கூர் முழுக்கத் தேய்ந்த பென்சிலின் மரம் தாளில் உரசும்போது வருமே ஒரு 'கிறீச்', பல் கூசுமே, அதுதான் எனக்குத் தெரிந்த முதல் 'மொக்கை'. அப்பாவுக்கு அது அரிவாளின் மழுங்கிய வாய். பட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட அத்தைக்கோ அது வினைச்சொல், பந்தியில் யாராவது மூன்றாவது முறை சோறு வாங்கினால் "நல்லா மொக்குறான் பாரு" என்பார். பள்ளிக்கூட வேனில் ஏறியபிறகு அதற்கு மேலும் கிளைகள் முளைத்தன: ஓடாத படம் மொக்கை, பதில் சொல்ல முடியாமல் நிற்பது 'மொக்கை வாங்குவது', முகம் பிடிக்காத பெண்ணைப் பற்றிப் பையன்கள் சொன்ன அசிங்கமான மொக்கை ஒன்றும் இருந்தது. எது சரியான அர்த்தம் என்று நாங்கள் வேனில் சண்டையே போட்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் மட்டும் சண்டையே கிடையாது, மொக்கை என்றால் சித்தப்பா. பூம்புகார் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் எங்கள் ஊர். அப்பாவின் தம்பியான அவர் டிராக்டர் ஓட்டினார், ஓட்டாத நேரமெல்லாம் மொக்கை போட்டார். "ஏன் பாப்பா, மேட்டூர்ல தண்ணி தொறந்தா நம்ம ஊருக்கு மட்டும் ஏன் இவ்ளோ லேட்டா வருது தெரியுமா? வழியில இருக்குற ஊரெல்லாம் 'வாங்க, சாப்ட்டுப் போங்க'ன்னு கூப்புடுதுல்ல, பாவம், அது எப்படி மறுக்கும்?" நாற்றங்கால் காய்கிற கவலையில் முகம் இறுகி நிற்கிற அப்பா, "போடா மொக்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்துவிடுவார்.

ஒரு வருஷம் ஆனியில் குத்தாலத்தில் அவருக்குப் பெண் பார்க்கப் போனோம். அதற்கு முன் தட்டிப்போன இடங்களுக்கெல்லாம் அவருடைய வாய்தான் காரணம் என்பது அத்தையின் முடிவு. வேன் கிளம்பியதிலிருந்து அதே பேச்சு: "டேய், அங்க வந்து ஒன் மொக்கையை அவுத்து விடாத. கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான். மாப்பிள்ளைன்னா ஒரு கனம் வேணும்." சித்தப்பா சரி என்று தலையாட்டினார், அவருக்கு அந்த இடம் அமைய வேண்டும் என்று மனசுக்குள் ஆசை இருந்தது, பெண்ணின் போட்டோவைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் முடிந்தது. பெண்ணின் அப்பா கேட்டதற்கெல்லாம் சித்தப்பாவிடமிருந்து "ஆமாங்க", "பரவாயில்லைங்க". பிறகு இருவரும் தனியாகப் பேசட்டும் என்று கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். தனி என்றால் முழுத் தனி ஆகாதே, அதனால் துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். மாமரத்தடியில் அந்த அக்கா கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவரே ஆரம்பித்தார்: "எங்க வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுங்க. உங்க ஊருக்கு ஏன் இன்னும் வரலை?"

அதைவிட நல்ல கேள்வியை உலகத்தில் யாரும் சித்தப்பாவிடம் கேட்டிருக்க முடியாது. அவர் உதடு துடித்ததை நான் பார்த்தேன். வீட்டுக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது, யாரிடமோ தம்பியின் அடக்கத்தைப் பற்றித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா, "கடைமடைங்க. லேட்டாத்தான் வரும்," என்றார். அந்த அக்கா "ஓ" என்றார்.

தரகர் மறுநாளே வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. பையன் கலகலன்னு பேசுவாருன்னு நான் சொல்லித்தான் அந்தப் பொண்ணு ஒத்துக்கிட்டுச்சு. இவரு ரொம்ப உம்முன்னு இருக்காராம். 'நான் வாயாடி, யாரோட பேசுறது?'ன்னு கேட்டுச்சாம்."

"அடக்கமா இருந்தா அதுவும் குத்தமா?" என்றார் அத்தை.

"அவன அவனா விட்டுருக்கலாம்க்கா," என்றார் அப்பா. எல்லாரும் சித்தப்பா ஏதாவது சொல்வார் என்று பார்த்தோம். எழுந்து போய் டிராக்டரைக் கழுவ ஆரம்பித்தார். அதன்பிறகு யாராவது மொக்கை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதோடு சரி, பேச்சு வராது. அறுப்பு முடிந்ததும் குவைத்துக்கு விசா வாங்கிவிட்டார்.

இப்போது என் கல்லூரித் தோழிகள் மொக்கை என்றுகூடச் சொல்வதில்லை, எல்லாம் 'கிரிஞ்ச்'. மொக்கையின் அர்த்தங்களை ஆர்வமாக நான் அடுக்கினால், பழைய காலத்து ஆள் மாதிரி பார்க்கிறார்கள். சித்தப்பாவுக்கு அப்புறம் கல்யாணமாகிவிட்டது. சித்தியும் அங்கேதான், நல்லவர், வீடியோவில் கூப்பிட்டால் அவரேதான் எல்லாம் பேசுவார். சித்தப்பா "சாப்ட்டியா பாப்பா, படிக்கிறியா" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். போன வாரம் நான், "சித்தி, சித்தப்பாவ ஏதாவது ஜோக் சொல்லச் சொல்லுங்க," என்றேன்.

சித்தி சிரித்தார். "நல்ல ஆளுகிட்ட கேட்ட போ. ஒங்க சித்தப்பாவுக்கு அதெல்லாம் வராதும்மா."

அவருக்குப் பின்னால் சித்தப்பா சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். இல்லை என்று சொல்லவில்லை.