இரண்டு உளவாளிகளும் ஒரு தேநீர்க் கோப்பையும்

வரச் சொல்லும்போதே போகவேண்டிய நேரத்தையும் சொல்லிவிடுவது இந்த நாட்டு வழக்கம். சுவிஸின் எம்மன்புரூக்கே ஊரில் எங்களுக்கு இரண்டு மாடி கீழே குடியிருக்கும் ஹெர் புக்கர் முதன்முதலாக என்னை அழைத்தபோது, "செவ்வாய்க்கிழமை, இரண்டு மணியிலிருந்து மூன்றே முக்கால் வரை" என்றார். ஊரில் யாராவது அப்படிச் சொன்னால் அந்த வாசலை மறுபடி மிதிக்கமாட்டோம். நான் போனேன். 2009 வைகாசியில் ஊரில் போர் முடிந்த பிறகு எங்கள் வீட்டில் செய்தி பார்ப்பதை விட்டிருந்தோம். வேறு யாருடைய தொலைக்காட்சியிலாவது வேறு ஏதாவது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் போலிருந்தது.

அவரிடம் ஒரு பழைய அமெரிக்கத் தொடரின் டிவிடிகள் இருந்தன. ஜெர்மன் குரல் ஏற்றியது. இரண்டு உளவாளிகள், நண்பர்கள். ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பர். அறுபதுகளில் ஒரு கறுப்பு நடிகரை வெள்ளை நடிகருக்குச் சமமான நாயகனாக வைத்ததால் அமெரிக்காவின் தென்பகுதியில் சில ஊர்களில் அதை ஒளிபரப்பவே மறுத்தார்களாம். புக்கர்தான் சொன்னார். இன்று எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் இரண்டு நிறத்தில் இரண்டு துப்பறிவாளர்கள் ஒரே காரில் போகிறார்கள். பார்க்கிற பிள்ளைகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அந்தப் பாதையைப் போட்டவர்கள் இந்த இருவர்.

எதையும் எண்ணுவது என் வியாதி. பதினான்கு பாகங்களில் வெள்ளையர் மற்றவருக்குக் கதவு திறந்துவிட்டது ஒன்பது தடவை, கறுப்பர் திறந்துவிட்டது பதினொரு தடவை. ஒரே அறையில் படுத்தது ஆறு தடவை. ஒரே மேசையில் சாப்பிட்டதை எண்ண முயன்று இடையில் கைவிட்டேன். ஆனால் "நாங்கள் இருவரும் சமம்" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது ஒரு தடவைகூட இல்லை. நக்கலடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அதைப் பேசவேண்டிய தேவை இருக்கவில்லை. ஊரில் என்னோடு வேலை பார்த்த ஒருவரும் நானும் அப்படித்தான் பேசாமல் இருந்தோம். ஆனால் பேசாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அவர் பெயர் செல்லத்துரை. விவசாயத் திணைக்களத்தில் நெல் விளைச்சலை மதிப்பிடும் வேலையில் எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வரை பதினொரு வருடம் சோடியாகத் திரிந்தோம். ஒரே மோட்டார் சைக்கிள், ஒரே அளவு நாடா. ஒரு முனையை அவர் பிடிப்பார், மறு முனையை நான். வயலில் நாங்கள் அடித்த பகிடிகளை எழுதினால் தனிப் புத்தகம் வரும். அளந்து முடிந்ததும் வயற்காரர் வீட்டில் தேநீர் கொடுப்பார்கள். எனக்கு வீட்டார் குடிக்கும் வெண்கல மூக்குப்பேணியில் வரும். செல்லத்துரை என்ன சாதி என்று அவர்களுக்குத் தெரியும். அவருக்கு வெற்று ஜாம் போத்தலில் வரும். குடித்துவிட்டுத் தானே கழுவி, வேலிக் கதியால் தடியில் கவிழ்த்துவிட்டு வருவார். குறைந்தது முந்நூறு வீடு. "எனக்கும் போத்தலில் தாருங்கள்" என்று நான் ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. காலையில் என்னை ஏற்ற வந்தால் எங்கள் வாசல் படலைக்கு வெளியே நின்று ஹோர்ன் அடிப்பார். உள்ளே வாரும் என்று ஒருநாளும் நான் கூப்பிட்டதில்லை.

"உங்களுக்கும் இப்படி ஒரு கூட்டாளி இருந்தாரா?" என்று ஒரு செவ்வாய்க்கிழமை புக்கர் கேட்டார். இருந்தார் என்று சொல்லி, எனக்கிருந்த ஜெர்மனில் பேணியையும் போத்தலையும் விளக்கப் பார்த்தேன். புக்கர் தலையை ஆட்டினார். "ஆளுக்குத் தனிப் பாத்திரம். அந்தக் காலத்திலேயே எவ்வளவு சுகாதாரம்!" திருத்துவதற்கு என்னிடம் சொற்கள் இல்லை. இருந்திருந்தாலும் திருத்தியிருப்பேனா, தெரியவில்லை.

செல்லத்துரையும் இந்த நாட்டில்தான், ஷாஃப்ஹவுசனில் மகனோடு இருக்கிறார். கல்யாண வீடுகளில் தூரத்தில் நின்று தலையசைத்துக்கொள்வோம். அந்தக் கிழமையே தொலைபேசி எடுத்தேன்.

"செல்லத்துரை, ஒருக்கா வீட்டை வாருமன்."

"ஆர் அண்ணை செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. சும்மாதான்."

"சும்மா கூப்பிட உங்களுக்கு இருபத்தாறு வருசம் எடுத்திருக்கு" என்று சிரித்தார். "சரி, வாறன். உங்கையும் படலை இருக்கோ?"

"இல்லையப்பா, மணிதான்."

"அப்ப ஹோர்ன் தேவையில்லை."

எங்கள் வீட்டுக் கோப்பைகளை எடுத்துப் பார்த்தேன். ஆறு. ஆறிலும் கறை, இரண்டில் பிடி உடைந்திருந்தது. இப்படிப்பட்ட விருந்தாளிக்கு இதிலா கொடுப்பது என்று கடைக்குப் போய்ப் பொன் விளிம்பு வைத்த கோப்பை ஒன்றை வாங்கிவந்தேன். ஒன்றுதான். நானும் மனைவி கமலாவும் பழையதில் குடிப்போம், நல்லது அவருக்கு. மரியாதை என்றுதான் நினைத்தேன்.

செல்லத்துரை வந்தார், கதைத்தார், கமலாவின் வடையைப் புகழ்ந்தார். தேநீர் வந்தது. கோப்பையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசு."

"ஓம், உமக்கெண்டே வாங்கினது."

என் கோப்பையைப் பார்த்தார். கமலாவின் கோப்பையைப் பார்த்தார். "எனக்கு மட்டும்" என்றார். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. அவர் கடைசித் துளிவரை குடித்தார். பிறகு எழுந்து போய்க் குழாயில் கழுவி, ஓரமாகக் கவிழ்த்து வைத்தார்.

"விடும் செல்லத்துரை, கமலா கழுவுவா."

"பழக்கம் அண்ணை" என்றார். முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நல்லது.

அவர் திரும்பக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். பத்தொன்பது கிழமை, நாலு மாதத்துக்கு மேல். பிறகு யோசித்தேன்: நேரம் கேட்டு, நாள் குறித்து, அனுமதி வாங்கிப் போவது இந்த நாட்டு முறை. வேண்டிய ஆள் வீட்டுக்குச் சொல்லாமல் போவது எங்கள் முறை. அவர் என்னை வேண்டிய ஆளாக வைத்திருக்கிறாரா என்பதை வேறு எப்படி அறிவது? ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சொல்லாமல், ரயில் ஏறினேன்.

சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "செல்லத்துரை, அந்தப் போத்தலை நான் காணாத மாதிரி இருந்தனான். ஒவ்வொரு முறையும் கண்டனான்." இவ்வளவுதான். சூரிச்சைத் தாண்டிச் சிறிது தூரத்தில் அந்தத் தண்டவாளம் ஜெர்மன் நிலத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது. ஜெர்மனி வரவேற்கிறது என்று சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. சில நிமிடங்களில் மறுபடி சுவிஸ் வரவேற்றது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெட்டியில் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை.

ஷாஃப்ஹவுசனில் எனக்கு முன்னால் ஆறு பேர் இறங்கினார்கள். கதவு மூடப்போகிறது என்று மணி அடித்தது. ஒரு கால் மேடையிலும் ஒரு கால் வண்டியிலுமாக நின்று அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.