டாக்டரிடம் சொல்லாத தலைவலி

என் தங்கை தரணியின் வீட்டுக்காரர் மகுடேஸ்வரனைப் போல மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த மரியாதைதான் அவரை இரண்டு வருடம் படுத்தி எடுத்தது. எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

பெருமாநல்லூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் அவர் ஃபிட்டர். பனியன் துணி பின்னும் வட்ட மெஷின்கள் பதினான்கு அங்கே ராப்பகலாக ஓடுகின்றன. எந்த மெஷின் முரண்டு பிடித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு மழை நாளில் வேலை முடிந்து வரும்போது ஸ்கூட்டர் குழியில் இறங்கி, அவர் முகம் நடுரோட்டுத் தடுப்பில் மோதியது. போட்டிருந்தது தொப்பி மாதிரியான ஹெல்மெட். அதனால் மண்டை தப்பியது, முகம் தப்பவில்லை. இடது கன்னத்து எலும்பு மூன்றாக ஒடிந்திருந்தது.

கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் தகடு வைத்துத் திருகாணி போட்டு எலும்பைச் சேர்த்தார். மூன்றே மாதத்தில் பழைய முகம் திரும்பிவிட்டது. மகுடேஸ்வரனுக்குப் பெருமை தாங்கவில்லை. எக்ஸ்ரேயைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு கல்யாண வீட்டில்கூடக் காட்டுவார்.

“மச்சான், இந்தத் திருகாணியப் பாருங்க. அரிசியில பாதி இருக்காதுங்க. ஒண்ணுகூடக் கோணலுங்களா? அதுதானுங்க கையி!”

நல்ல ஃபிட்டர் ஒருவரை இன்னொரு ஃபிட்டர் மெச்சுகிற மெச்சல் அது.

தலைவலி அடிபட்ட வாரத்திலேயே வந்துவிட்டது. காயத்தோடு போய்விடும் என்று நினைத்தார். காயம் போனது, வலி போகவில்லை. இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி, நெற்றிப்பொட்டுக்கு ஏறி, பாதி மண்டையைப் பிடித்துக்கொள்ளும். சத்தம் கேட்டால் இன்னும் கூடும். அந்த வீட்டில் டிவி நின்றது. எட்டாவது படிக்கும் மகள் சுபஸ்ரீ மொட்டை மாடிக்குப் போய்ப் பாடம் படித்தாள். தரணி மிக்ஸியைப் பரணில் ஏற்றிவிட்டு, தேங்காயையும் மிளகாயையும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளிடம் போய்ச் சட்னி அரைத்து வந்தாள்.

அவர் வைத்தியம் பார்க்காமல் இல்லை. கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார். மூக்கு டாக்டர் ஆவி பிடிக்கச் சொன்னார். பல் டாக்டர் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார். பல் போனதுதான் மிச்சம். நடுநடுவே மெடிக்கலில் வாங்கிய மாத்திரைகளை வேர்க்கடலை மாதிரி வாயில் போட்டுக்கொண்டார்.

எலும்பைச் சேர்த்தவரிடம் மட்டும் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரிடம் காட்டப் போவார், கையில் இளநீரோடு. ஒருமுறை நானும் போனேன்.

“வலி ஏதாவது இருக்குதா?” என்று டாக்டர் கேட்டார்.

“உங்க புண்ணியத்துல ஒரு குறையுமில்லீங்க.”

நான் வாயைத் திறந்தேன். மகுடேஸ்வரன் என் தொடையை அழுத்தினார். தங்கை வீட்டுக்காரரை வெளியாள் முன்னால் மறுத்துப் பேச எனக்கும் நா எழவில்லை. வெளியே வந்து ரோட்டில் நின்று கத்தினேன்.

“கத்தாதீங்க மச்சான். அவரு வேலை சுத்தமான வேலைங்க. அதுல போயி நொட்டை சொல்லலாமுங்களா? நான் சர்வீஸ் பண்ணுன மெஷினு மறுநாளே சத்தம் போடுதுன்னு சொன்னா எனக்கு எப்படீங்க இருக்கும்?”



போன ஐப்பசியில் அவர் முதலாளி கிட்டுசாமியிடம் பொங்கலோடு வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டார். அந்தச் சத்தத்தில் நிற்க முடியவில்லை, காங்கேயத்தில் ஒரு கொப்பரைக் களத்தில் எடை போடும் வேலைக்குப் போகிறேன் என்றார். இருபத்திரண்டு வருட வேலை. தரணி எனக்குப் போன் செய்து அழுதாள். “வேற வேலைக்கிப் போறது பெருசில்லீங்கண்ணா. மெஷின விட்டுட்டு இந்த மனுசன் எப்படி இருப்பாரு?”

கார்த்திகையில் ஒருநாள் அவரை ஒரு விசேஷத்துக்குக் கூட்டிப்போகக் கம்பெனிக்குப் போனேன். ஆறாம் நம்பர் மெஷின் நின்றிருந்தது. பத்து நாள் முன்பு அவரே பிரித்து மாட்டிய மெஷின். உள்ளே ஏதோ ஒன்று தளர்ந்து, நூற்றுக்கு மேல் ஊசிகள் முறிந்து கிடந்தன. அதை ஓட்டுகிறவர் முருகேஷ், தெற்கேயிருந்து வந்து இங்கேயே குடியேறியவர். அவர் தலையைக் குனிந்தபடி நின்றார்.

“எத்தனை நாளாச் சத்தம் வந்துச்சு?” என்று மகுடேஸ்வரன் கேட்டார்.

“நீங்க மாட்டுன மறுநாளுலேருந்துண்ணே.”

“ஏனுங்க சொல்லல?”

“அம்புட்டு நேரம் மெனக்கெட்டு மாட்டுனீய. அதுல போயி சத்தம் வருதுன்னா மனசு சங்கடப்படுவீயளேன்னுதான்…”

“சங்கடமா?” மகுடேஸ்வரன் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். “மொத நாளே சொல்லியிருந்தா ஒரு திருகுல முடிஞ்சிருக்குமே! சொன்னாத்தானே மாட்டுனவனுக்குத் தெரியும்!”

சொல்லி முடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். காரில் ஏறிப் பாதி வழி போன பிறகு அவராகவே கேட்டார்.

“மச்சான், நாளைக்கிக் கோயமுத்தூரு போலாமுங்களா?”

மறுநாள் டாக்டர் முன்னால் கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்தார். “உங்க வேலையில ஒரு குத்தமுமில்லீங்க. தகடு அருமையா இருக்குதுங்க. ஆனா தலை வலிக்குதுங்க.”

“எப்ப இருந்து?”

“மொத வாரத்துல இருந்தேங்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பழைய ஃபைலை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். நான்கு தேதிகளில் வலி இல்லை என்று எழுதியிருந்தது. “இதை நம்பித்தானுங்க உங்களை நல்லாயிட்டீங்கன்னு அனுப்பிட்டிருந்தேன்,” என்றார். அவர் குரலில் கோபமில்லை, வருத்தம் இருந்தது.

பிறகு கண்ணுக்குக் கீழே ஒரு இடத்தில் விரலால் அழுத்தினார். மகுடேஸ்வரன் நாற்காலியோடு பின்னால் போனார். முகத்தெலும்பு ஒடிந்த சிலருக்கு இப்படித் தலைவலி தங்கிவிடுவதுண்டாம். எலும்பு கூடினாலும் பக்கத்தில் ஓடுகிற நரம்பு அடங்க நாளாகுமாம். வலி மாத்திரைகளை அளவில்லாமல் தின்றதும் வலியைக் கூட்டியிருக்கும் என்றார். வேறு மருந்து எழுதினார். முழுதாகப் போகும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுதி வரச் சொன்னார்.

முதல் வாரம் இவர் மரியாதையாக மூன்று, மூன்று என்றே எழுதினார். சுபஸ்ரீ அத்தனையையும் அடித்துவிட்டு எட்டு என்று திருத்தினாள். அதன் பிறகுதான் உண்மையான கணக்கு வந்தது. எட்டு, ஏழு, ஏழு, ஆறு. பொங்கல் வந்து போனது. அவர் கம்பெனியை விட்டு நிற்கவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போகிறார்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அங்கே இருந்தேன். தரணி கிண்ணத்தோடு வாசலில் செருப்பை மாட்டினாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

“ஏனுங்க, இன்னிக்கு எத்தனைங்க?”

“நாலு.”

“நாலுன்னா… மிக்ஸி போடலாமுங்களா?”

“சீக்கிரம் அரைச்சிருவியா?”

“அரை நிமிசம் போதுங்க.”

அவரே ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து மிக்ஸியை இறக்கினார். தூசி துடைத்து, ஜாரின் பிளேடைச் சுழற்றிப் பார்த்து, அடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். உள்ளே மிக்ஸி அலறியது. இடது கன்னத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சத்தம் நின்றதும் தரணி பயந்த முகத்தோடு எட்டிப் பார்த்தாள்.

“இப்ப எத்தனைங்க?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பதறியது.

“அஞ்சு,” என்றார்.

தரணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.