கல்லின் முதுகில் இருந்த கருப்பு

மலேசியாவில், லாபு பக்கம் எங்கள் எஸ்டேட்டில் முனியாண்டி சாமி என்பது இடுப்பளவு உயரமான ஒரு கல். எஸ்டேட்டை வாங்கியவர்கள், அது நிலத்தைப் பிடிக்க நேற்று நட்ட கல் என்று நில அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பழசு என்று நிரூபித்தால் கோயில் நிற்கும், இல்லாவிட்டால் புல்டோசர். எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

ஆனால் கல்லின் முதுகில் சாட்சி இருந்தது. நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். மிளகைத் தூவியதுபோல அங்கே ஒட்டியிருந்த கருப்பு விளக்குப் புகையல்ல, பாறையில் வாழும் பூஞ்சை. வெயில் கொளுத்தும்போது செத்ததுபோலச் சுருண்டு கிடக்கும். பனி பட்டால் எழுந்து, காற்று கொண்டுவரும் தூசியைத் தின்னும். அந்தக் கருப்புத்தான் அதற்கு வெயில் காப்பு. உள்ளங்கை அகலம் படர ஒரு மனித ஆயுள் போதாது. இதைச் சொல்லித்தான் நில அலுவலக அதிகாரியை நேரில் வரச் சம்மதிக்க வைத்தேன்.

கோயில் தலைவரான அண்ணனிடம், "அதிகாரி கல்லப் பார்க்க வர்றாரு" என்று மட்டும் சொன்னேன். பூஞ்சை என்றால், சாமிக்குச் சீக்கு என்கிறாயா என்று குதிப்பார். அவருக்கு என்ன புரியப்போகிறது என்ற திமிரும் எனக்கு இருந்தது.

அதிகாரி வரவேண்டிய அன்று காலை போனால், கல் வெள்ளை வெளேரென்று நின்றது. கம்பி பிரஷ், ஆசிட். அண்ணனின் விரல்கள் வெந்து சிவந்திருந்தன.

"பாரும்மா, சாமி எப்படி பளிச்சுன்னு இருக்காரு."

வாளியை எடுத்து அவர் முகத்தில் அடித்தேன். புருவம் கிழிந்தது. அவர் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நான் அவர் கையைக் கடித்தேன். அண்ணி கதறக் கதற, ஆசிட் தண்ணீரிலேயே புரண்டோம். சாமிக்கு முன்னால் எப்பேர்ப்பட்ட மரியாதை! அதிகாரி வந்து பார்த்தது இதைத்தான்.

அவர் கல்லைச் சுற்றி வந்தார். "பத்து பாரு லா, கக்." புதுக் கல்தானே அக்கா என்று மலாயில் சொல்லி, அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் புல்டோசர் வந்தது. குறுக்கே பாய்ந்த அண்ணனைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முதல் இடியிலேயே கல் பிளந்தது. ஒரு பாதியை அவர் தூக்கிவந்து என் முன் போட்டார். பிளந்த பக்கத்தில், முதுகுப்புறமிருந்து ஓடிய மெல்லிய கீறலுக்குள், ஆசிட் எட்டாத இடத்தில், அந்தக் கருப்பு இருந்தது. கல்லின் வயசுக்கு இதுதான் சாட்சியாக இருந்தது என்று விரலை வைத்துக் காட்டினேன்.

அண்ணன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். புருவத்துத் தையல் இன்னும் பிரிக்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் கை வச்சிருப்பேனா?"